காடு விடும் மூச்சுக்கு ஒரு கணக்கு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது ஹார்வர்டு காடு. அங்கே ஓக், மேப்பிள் மரங்களின் உச்சியையும் தாண்டி ஒரு கோபுரம் நிற்கிறது. அதன் மேலே உள்ள சிறு கருவி, காற்று மேலே எழுகிறதா, கீழே இறங்குகிறதா என்று ஒலி அலைகளைக் கொண்டு நொடிக்குப் பல முறை பார்க்கிறது. அதே காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று இன்னொரு கருவி அளக்கிறது.

பகலில் இலைகள் வாயுவை உறிஞ்சுவதால், கீழிறங்கும் காற்றைவிட மேலெழும் காற்றில் அது குறைவாக இருக்கும். இரவில் கணக்கு தலைகீழ். மரமும் மண்ணும் மூச்சு விடுகின்றன. வரவில் செலவைக் கழித்தால் காட்டின் சேமிப்பு தெரிந்துவிடும்.

ஒரு மரத்தையும் வெட்டாமல், ஓர் இலையையும் பறிக்காமல் 1991 முதல் இந்த அளவீடு தொடர்கிறது. எத்தனை பெரிய பொறுமை!

இத்தகைய கோபுரங்களை உலக அளவில் இணைக்கும் ஃபிளக்ஸ்நெட் 1997-இல் உருவானது. அதன் 2015 தொகுப்பில் 212 இடங்களின் தரவுகள் உள்ளன.

2003 கோடையில் ஐரோப்பாவைக் கடும் வெப்பமும் வறட்சியும் வாட்டின. தாவரங்களின் உற்பத்தி ஏறத்தாழ 30 சதவீதம் சரிந்தது. நான்கு ஆண்டுகளாக நிலம் சேர்த்ததை அந்த ஓராண்டே கரைத்துவிட்டது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதற்குச் சான்று தந்தவற்றில் இந்தக் கோபுரங்களும் உண்டு.

ஆனால் அமேசான், காங்கோ போன்ற வெப்பமண்டலக் காடுகளில் கோபுரங்கள் மிகக் குறைவு. இன்னும் பல கோபுரங்கள் எழ வேண்டிய இடம் அதுதான்.