தலையீற்றில் முயல் குட்டிகள் சாவது ஏன்?

கொல்லையில் நாலு முயல் வளர்த்தால் என்ன என்று நம்மில் பலருக்கு ஆசை உண்டு. இடம் கொஞ்சம் போதும். தீனிக்கு வரப்புப் புல்லும் அகத்தித் தழையும் இருக்கிறது. சினைக்காலம் 31 நாள்தான், ஈற்றுக்கு ஆறு ஏழு குட்டி. காகிதத்தில் கணக்குப் போட்டால் ஒரு வருஷத்தில் கொல்லை நிரம்பிவிடும். கூண்டிலே அந்தக் கணக்கு வருவதில்லை.

எங்கள் வட்டாரத்தில் ஒரு அம்மா இரண்டு பெண் முயலும் ஒரு ஆண் முயலும் வாங்கினார்கள். முதலில் ஈன்ற முயல் ஏழு குட்டி போட்டது. மூன்றாம் நாள் ஒன்றுகூட மிச்சமில்லை. "சார், பெத்த தாயே ரெண்டு குட்டியைக் கடிச்சுத் தின்னுடுச்சு. இது ராசியில்லாத முயல், வித்துப்புடலாம்னு பாக்கறேன்" என்றார்கள். போய்ப் பார்த்தேன். கூண்டில் ஈனுவதற்குப் பெட்டி இல்லை. தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது. தெருநாய் வந்து முகர்ந்து பார்க்கும் உயரத்தில் கூண்டு. முயல் மேல் குற்றமே இல்லை.

முயல் குட்டி பிறக்கும்போது உடம்பில் ரோமம் இருக்காது, கண் திறக்காது. கண் திறக்கப் பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை கூடும் கூடப்பிறந்த குட்டிகளின் சூடும்தான் அதற்குப் போர்வை. கம்பி வலையில் விழுந்த குட்டி விறைத்துச் சாகிறது. செத்ததைத் தாய் தின்றுவிடும். கூண்டைச் சுத்தம் செய்கிற சுபாவம் அது. ஈன்ற முயலுக்குத் தாகம் கடுமையாக இருக்கும். தண்ணீர் இல்லாவிட்டாலும், நாய் பூனையைக் கண்டு மிரண்டாலும் உயிருள்ள குட்டியையே கடிக்கும், மிதித்தும் விடும்.

ஆகவே சேர்த்த தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். 27ஆம் நாள் பெட்டியை உள்ளே வைத்துவிட வேண்டும். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலமுள்ள மரப்பெட்டி போதும். முன்பக்கம் அரை அடி உயரம் மறைப்பு இருந்தால் குட்டி வெளியே உருளாது. உள்ளே காய்ந்த வைக்கோலோ, மெல்லிய தேங்காய் நாரோ போடுங்கள். தாய் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போட்டுக்கொள்ளும். ரோமம் பிடுங்குவதைப் பார்த்து, சொறி வந்துவிட்டது என்று மருந்து பூசியவர்களும் உண்டு!

அடுத்த பயம், "தாய் பால் கொடுக்கவில்லை" என்பது. ஆடு மாடு போல முயல் அடிக்கடி ஊட்டாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, அதுவும் நாலைந்து நிமிஷம்தான். பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ ஊட்டிவிட்டுப் போய்விடும். நாம் பார்க்கும்போது பெட்டிப்பக்கமே போகாது. குட்டியின் வயிற்றைப் பாருங்கள். பந்து போலப் புடைத்து, தோல் வழியே வெள்ளையாகப் பால் தெரிந்தால் கவலை வேண்டாம். வயிறு சுருங்கிச் சுருக்கம் விழுந்திருந்தால்தான் பால் போகவில்லை என்று அர்த்தம். கை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள். கூட்டில் உள்ள ரோமத்தைக் கையில் தேய்த்துக்கொண்டு, தினம் ஒருமுறை பார்த்து, செத்த குட்டியை எடுத்துவிடலாம்.

இரண்டு பெண் முயலை ஒரே நாளில் சேர்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. ஒன்றுக்குப் பத்தும் மற்றொன்றுக்கு நாலும் பிறந்தால், இரண்டு மூன்று நாளைக்குள் மூன்று குட்டியை மாற்றி விடலாம். பெரும்பாலும் எட்டுக் காம்புதான் இருக்கும்.

சேர்க்கும்போது பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் பெண் தன் இடத்துக்கு வந்தவனைக் கடித்துக் குதறும். பின்னுறுப்பு சிவந்து ஈரமாக இருந்தால் சம்மதிக்கும். வெளுத்திருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். ஐந்து ஆறு மாதம் ஆகாத குட்டியைச் சேர்க்காதீர்கள்.

இப்போது வெயில். முயலுக்கு வியர்க்காது. காதுதான் அதற்கு விசிறி. 32 டிகிரிக்கு மேல் போனால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். கோடைச் சூட்டில் ஆணின் விந்து கெட்டுப்போகும், வெயில் தணிந்தும் சரியாக ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். ஆடியில் சேர்த்தும் சினை நிற்கவில்லையே என்று பெண்ணைத் திட்டுகிறோம். வேப்ப மரத்து நிழலில் கீற்றுக் கொட்டகை போட்டு, உச்சி வேளையில் ஈரச் சாக்குத் தொங்கவிடுங்கள்.

கழிச்சல் கண்டாலோ, காதிலும் மூக்கிலும் சொறி கண்டாலோ கால்நடை மருத்துவரிடம் போங்கள். மாட்டுக்கு வாங்கிய மிச்ச மருந்தை வாயில் ஊற்ற வேண்டாம். நமக்குக் கொடுக்கும் ஆம்பிசிலின் போன்ற மாத்திரைகள் முயலின் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் அப்படித்தான்.

காட்டில் கண்ணி வைத்து முயல் பிடித்து வந்து வளர்க்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தவிரவும் அது வேறு சாதி; வீட்டு முயலோடு இனம் சேராது. அதன் குட்டி ரோமத்தோடு, கண் திறந்தே பிறக்கும். வளர்ப்புக்கு ஒயிட் ஜயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களே ஏற்றவை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையத்தில் முயல்களும் வளர்க்கிறார்கள். ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

"குட்டியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லி ஜோடியை அதிக விலைக்குத் தலையில் கட்டுகிறவர்களிடம் ஜாக்கிரதை. அப்படி இருபது ஜோடி வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். குட்டி வந்தது, வாங்க வருவதாகச் சொன்னவர் வரவில்லை. உங்கள் சந்தையில் யார் வாங்குவார், என்ன விலைக்கு என்று விசாரித்த பிறகு இரண்டு பெண், ஒரு ஆணோடு ஆரம்பியுங்கள்.

முதலில் சொன்ன அந்த அம்மா முயலை விற்கவில்லை. கூண்டை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, இரண்டு பழைய பழப்பெட்டிகளை வெட்டி வைத்தார்கள். அடுத்த ஈற்றில் அதே முயல் ஏழு குட்டி போட்டது. ஆறு குட்டிகளை ஆறாவது வாரம் தாயிடமிருந்து பிரித்தோம்.