மேட்டூர் மதகு நம்ம கையில் இல்லை... வேறு எது இருக்கு? பள்ளிபாளையம் வழியே ஸ்டோயிசம்

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு, 16 கண் மதகு வழியாக உபரி நீர் வெளியேறினால், பள்ளிபாளையம் காவிரிக்கரைக்கு வெள்ள எச்சரிக்கை வந்துவிடும். 2022 ஆகஸ்டில் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, மக்கள் முகாம்களுக்குப் போக வேண்டியதாயிற்று.

கர்நாடகத்தில் பெய்யும் மழையை இங்கிருந்து யாரும் நிறுத்த முடியாது. ஆனால் ரேஷன் கார்டு, மார்க் ஷீட், வீட்டுப் பத்திரம் மூன்றையும் ஒரே பையில் தயாராக வைக்கலாம். எது நம் கையில், எது இல்லை என்று இப்படிப் பிரித்துப் பார்ப்பதுதான் ஸ்டோயிசத்தின் அடிப்படை.

ஸ்டோயிசம் என்றால் என்ன?

கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஜீனோ தொடங்கிய தத்துவம் இது. அவர் பாடம் நடத்திய தூண் மண்டபத்துக்கு 'ஸ்டோவா' என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் ஸ்டோயிசம். பின்னாளில் அடிமையாக வாழ்ந்த எபிக்டெடஸும், ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸும் இதே வழியில் நடந்தார்கள். நம் முடிவும் முயற்சியும் நம்முடையவை. சொத்து, பேர், பதவி எல்லாம் முழுசாக நம் கட்டுப்பாட்டில் இல்லை என்றார் எபிக்டெடஸ்.

நமக்கும் இது அந்நியமில்லை. துன்பத்தில் கலங்காமல் இருப்பதற்கென்றே திருக்குறளில் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. 1950-களில் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் உருவாக்கிய சிகிச்சை முறைக்கும் எபிக்டெடஸின் சிந்தனை ஒரு தூண்டுகோல்.

தினமும் எப்படிப் பழகுவது?

* இரண்டு பட்டியல்: விசைத்தறி வைத்திருப்பவருக்கு நூல் விலையும் கரன்ட் கட்டணமும் ஒரு பக்கம், தறிப் பராமரிப்பு, வரவு செலவுக் கணக்கு, புதுக் கடன் வாங்குவதா என்ற முடிவு மறுபக்கம். ஆபீஸ் போகிறவருக்கு மேனேஜரின் மூடு ஒரு பக்கம். செய்த வேலையைக் குறித்துவைத்து அப்ரைசலில் தெளிவாகப் பேசுவது மறுபக்கம்.

* முன்கூட்டியே யோசிப்பது: அடுத்த மாதம் ஆர்டர் வரவில்லை என்றால் இஎம்ஐ எப்படி? பயந்து நடுங்க அல்ல, தயாராக இருக்க.

* ராத்திரிக் கணக்கு: தூங்கும் முன் அன்றைய நாளைத் தனக்குள்ளேயே விசாரிப்பது செனெகாவின் வழக்கம். எங்கே கோபப்பட்டோம், எதைச் சரியாகச் செய்தோம்? ஐந்து நிமிடம் போதும்.

அப்போ எல்லாத்தையும் பொறுத்துக்கணுமா?

இல்லை. இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஸ்டோயிக்குகள் முக்கியமாகச் சொன்ன நான்கு பண்புகள் விவேகம், துணிவு, நிதானம், நீதி. கூலி கட்டவில்லை என்று சொல்லும் தறித் தொழிலாளியிடம் "மனசை அடக்கு" என்பது ஸ்டோயிசம் ஆகாது. தனி ஆளாக அவரால் கூலியை நிர்ணயிக்க முடியாதுதான். ஆனால் நாலு பேரோடு சேர்ந்து கேட்பது அவர் கையில் இருக்கிறது.

மனநலப் பிரச்னைக்கும் அப்படித்தான். தூக்கம் தொலைந்து, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது வீரம் இல்லை. 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416. அந்த நம்பருக்கு போன் போடுவதும் நம் கையில் இருக்கிற ஒன்றுதான்.