அப்பா கழற்றி வைத்த பறை

வைகாசி பிறந்தால் கிழக்கிலங்கையின் எழுவான்கரையில் கண்ணகி அம்மன் சடங்குக் காலம். மட்டக்களப்பு வாவி ஒரு பக்கம், கடல் மறுபக்கம். நடுவே கல்முனை வீதியோரமாகச் செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை என்று ஊர்கள் நீண்டுகிடக்கின்றன. அந்த நாள்களில் எங்கிருந்தாவது ஒரு பறை காதில் விழும்.

இங்குள்ள பறை, தமிழ்நாட்டு மேடைகளில் நெருப்பில் காய்ச்சி அடிக்கும் வட்டப்பறை அல்ல. இரு பக்கமும் தோல் கட்டிய உருளை. இடுப்போடு கட்டிக்கொண்டு அடிப்பது. கூடவே தம்பட்டமும் சொர்ணாளி என்ற குழலும் சேரும். அடித்துக்கொண்டே ஆடினால் அது பறைமேளக் கூத்து. அம்மனுக்கும் இந்த மேளம்தான், சாவு வீட்டுக்கும் இந்த மேளம்தான்.

அதை யார் அடிப்பது என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து, பறையர் சமூகத்து மேளகாரரைப் பற்றி 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். மற்றவர்களைப் போலவே அவர்களுக்கும் தாய்வழிக் குடிமுறை உண்டு, கோயில் உண்டு. ஆனாலும் ஊர் கூப்பிட்டால் போயாக வேண்டும் என்ற கட்டு அவர்கள் கழுத்தில்தான் இருந்தது.

1945இல் வந்த இலவசக் கல்வி இந்தக் கட்டை அவிழ்க்க ஒரு வழி காட்டியது. "மேளத்தத் தொடாத மனே, படி" என்று ஒரு தகப்பன் சொன்னால் அதில் கலை வெறுப்பு எதுவும் இல்லை. வாசலுக்கு வெளியே நின்று கூலி வாங்கியவரின் கணக்கு அது.

படித்த பிள்ளை வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் அங்கே வேறு காட்சி. பேராசிரியர் சி. மௌனகுரு உருவாக்கிய இன்னிய அணியில் மத்தளம், உடுக்கு, சங்கு ஆகியவற்றோடு பறையும் உண்டு. கூத்துடுப்பை ஒட்டிய உடை போட்ட மாணவர்கள் அடித்து விருந்தினரை வரவேற்பார்கள், சபை கைதட்டும். வேறு சாதி மாணவருக்கு இதனால் ஒரு இழப்பும் இல்லை. மேளகாரர் வீட்டுப் பிள்ளை அதே பறையை எடுத்தால், மறுநாளே யாராவது சாவு வீட்டுக்கு ஆள் அனுப்புவார்களோ என்று தாய் பயப்படுவாள். வீண் பயம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

மகாராட்டிரத்தில் மகார் குடும்பங்களுக்கும் இதே இழுபறி இருந்தது. ஊர்க்காவல், சாவுச் சேதி சொல்வது, செத்த மாட்டை இழுப்பது எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தன. அதற்கு ஈடாக 'வதன்' நிலமும் 'பலுதா' என்ற தானியப் பங்கும் கிடைத்தன. அதே சமூகத்து இராணுவச் சுபேதாரின் மகனான அம்பேத்கர், பரம்பரை ஊழியத்தின் பிடியைத் தளர்த்த 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். 1978இல் மராத்தி எழுத்தாளர் தயா பவார் தன் வாழ்க்கைக் கதைக்குப் 'பலுதா' என்றே பெயர் வைத்தபோது, படித்து மேலே வந்த தன் மக்களிலேயே பலர் முகம் சுளித்தார்கள். மறைக்கப் பாடுபட்டதை இவன் ஏன் கடைத்தெருவில் விரிக்கிறான் என்ற கோபம்.

அதே சமூகத்து எழுத்தாளர் ஊர்மிளா பவாருக்கு வீட்டுக்குள்ளேயும் இடி. மூங்கில் கூடை முடைந்து பிள்ளைகளை வளர்த்தவர் அவருடைய தாய். மகள் மேற்படிப்பு, எழுத்து, பெண்கள் இயக்கம் என்று வீட்டுக்கு வெளியே நடந்தபோது கணவருக்கு அது பிடிக்கவில்லை. 2003இல் வந்த தன்வரலாற்றுக்கு அவர் வைத்த பெயர் 'ஆய்தான்'. அம்மா முடைந்த மூங்கில் பொருள்களை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

யாழ்ப்பாணத்து எழுத்தாளர் டொமினிக் ஜீவா இன்னும் பச்சையாகச் செய்தார். குலத்தொழிலான சலூனை அவர் ஒளிக்கவில்லை; 1966இல் தொடங்கிய 'மல்லிகை' இதழை முதலில் அங்கிருந்தே நடத்தினார். முடிவெட்ட வந்தவர்கள் இலக்கியமும் பேசிவிட்டுப் போனார்கள்.

தமிழ்நாட்டுத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவிலோ பறையை எடுத்தவர்கள் தலித் இளம்பெண்கள். பரம்பரையாக ஆண்கள் மட்டுமே அடித்த வாத்தியம் அது. அவர்கள் எந்த மேடையில் அடிப்பது என்பதை ஊர் சொல்வதில்லை, குழுதான் சொல்கிறது. மட்டக்களப்புத் தகப்பன் மகனுக்காகக் கழற்றி வைத்ததும், திண்டுக்கல் மகள் விரும்பி மாட்டிக்கொண்டதும் வடிவில் வேறு வேறு; பெயர் மட்டும் ஒன்றுதான், பறை.