பவுசர் எப்போது வரும்? ரம்புக்கனையின் கேள்விக்குக் கணினி பதில் சொல்லுமா?

2022 ஏப்ரல் 19. சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஐந்தாம் நாள். முதல் நாள் நள்ளிரவோடு ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றருக்கு 254 ரூபாவிலிருந்து 338 ரூபாவாக ஏறியிருந்தது. ஓட்டோ டீசல் 289 ரூபா. ரம்புக்கனையில் எண்ணெய்க்காகக் காத்துக் கிடந்தவர்கள் எழுந்துபோய் ரயில் பாதையை மறித்தார்கள். கொழும்பிலிருந்து வரும் இரட்டைப் பாதை ரம்புக்கனையோடு முடிந்துவிடும். அதற்கு மேலே கடுகண்ணாவை ஏற்றம் முழுக்க ஒற்றைப் பாதைதான். ஆகவே அங்கே மறித்தால் மலையகத்துக்குப் போகும் ரயில் எல்லாமே நின்றுபோகும். மணிக்கணக்கில் நீண்ட அந்தப் போராட்டம் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஒருவர் உயிரிழந்தார். பலர் காயப்பட்டார்கள்.

சூடு நடத்தியது சரியா என்பது நீதிமன்றத்தின் விடயம். இந்தக் கட்டுரை கேட்பது வேறொன்று. எத்தனை லீற்றர் எண்ணெய், எப்போது, எந்த விலைக்கு வரும் என்பது அன்று வரிசையில் நின்றவர்களுக்கு ஏன் தெரியாமல் போனது?

ஒரு துளி பெற்றோல் எங்கள் ஊருக்கு வரும் வழியைப் பாருங்கள். கப்பலில் வந்து இறங்கும், அல்லது 1969 முதல் இயங்கும் சபுகஸ்கந்தை ஆலையில் சுத்திகரிக்கப்படும். கொலன்னாவையிலோ முத்துராஜவெலவிலோ பெரிய தாங்கிகளில் சேரும். இவற்றை நடத்துவது இலங்கை பெற்றோலியக் களஞ்சிய முனையங்கள் நிறுவனம். அதில் மூன்றில் இரண்டு பங்கு பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துடையது, மிகுதி லங்கா ஐஓசியுடையது. செட், அதாவது எரிபொருள் நிரப்பு நிலையத்தின் முதலாளி பணத்தைக் கட்டி ஓடர் போட வேண்டும். முனையத்தில் பவுசர் நிரப்பி, அறை அறையாகச் சீல் வைப்பார்கள். ஊருக்கு வந்ததும் சீலை உடைத்து நிலத்தடித் தாங்கியில் இறக்குவார்கள். இத்தனை கையும் மாறித்தான் உங்கள் மோட்டார் சைக்கிளுக்குள் எண்ணெய் வருகிறது. இதற்குத்தான் விநியோகச் சங்கிலி என்று பெயர்.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிக் கொப்பியில் கணக்கு எழுதினால், கொலன்னாவையில் இருப்பவருக்கு ரம்புக்கனையின் தாங்கி தெரியாது. ரம்புக்கனைக்காரருக்குத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல் தெரியாது. ஈஆர்பி எனப்படும் நிறுவன மென்பொருள் செய்வது இந்தக் கொப்பிகளையெல்லாம் ஒரே கொப்பியாக்குவதுதான். ஓடர் விழுந்ததும் கணக்குப் பகுதி பணத்தைப் பார்க்கும், களஞ்சியம் இருப்பைக் குறைக்கும், போக்குவரத்துப் பகுதி பவுசரை ஒதுக்கும். ஒரே பதிவை எல்லோரும் பார்க்கிறார்கள். இந்தத் துறையில் உலகப் பெயர் பெற்றது 1972இல் ஜேர்மனியில் தொடங்கிய எஸ்ஏபி. எமது பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் அந்த மென்பொருளைப் பாவித்து வந்திருக்கிறது.

அப்படியானால் மென்பொருள் இருந்தும் ஏன் வரிசை? முதற் காரணம் எல்லோரும் அறிந்ததே: நாட்டிடம் டொலர் இல்லை. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது ரம்புக்கனைச் சம்பவத்துக்கு ஒரு வாரம் முன்னர், ஏப்ரல் 12இல். கப்பலுக்குக் காசில்லாதபோது எந்தக் கணினியும் எண்ணெய் கொண்டுவராது. ஆனால் இரண்டாவது காரணமும் உண்டு. அதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசியிருக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செட்டுக்கு 6,600 லீற்றர் வருகிறது என்று வையுங்கள். வழக்கமாக மோட்டார் சைக்கிள்காரர் இரண்டு லீற்றர் அடித்துக்கொண்டு வேலைக்குப் போவார். அப்படி 3,300 பேருக்குப் போதும். நாளை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம் வந்ததும் அதே ஆள் தாங்கி முட்ட, பத்து லீற்றர் அடிப்பார். இப்போது 660 பேருக்குத்தான் காணும். எண்ணெய் குறையவில்லை, தேவை ஐந்து மடங்கு போலத் தோன்றுகிறது. அதைப் பார்த்து முதலாளியும் இரட்டிப்பாக ஓடர் போடுவார். முனையத்தில் குழப்பம் இன்னும் பெருகும். கடையில் ஏற்படும் சிறு அசைவு மேலே போகப் போகப் பெரிதாவதைச் சாட்டை வீச்சு விளைவு என்று முகாமைத்துவப் பாடங்களில் சொல்வார்கள். கைப்பிடியில் சிறிது அசைத்தால் நுனி எவ்வளவு தூரம் வீசும் என்பது மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். இந்த வீச்சை அடக்குவது நம்பத்தக்க தகவல் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை நிச்சயம் வரும் என்று தெரிந்தவர் திங்கட்கிழமை இரவு றோட்டில் படுக்க மாட்டார்.

இதைத்தான் தேசிய எரிபொருள் அனுமதி அட்டை ஓரளவு செய்து காட்டியது. 2022 ஜூலை நடுப்பகுதியில் பதிவு தொடங்கி, ஓகஸ்ட் 1 முதல் நாடெங்கும் கியூஆர் முறை நடைமுறைக்கு வந்தது. எரிசக்தி அமைச்சும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிறுவனமும் தனியார் தொழில்நுட்ப நிறுவனங்களும் சேர்ந்து அமைத்தார்கள். அடையாள அட்டை எண், வாகன எண், செஸி எண் மூன்றும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவோடு பொருந்தினால் குறியீடு வரும். தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20, பஸ்ஸுக்கு 40, லொறிக்கு 50. ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் குறியீட்டைக் கடதாசியில் அச்சடித்து, லெமினேட் செய்து, வாகனச் சாவியோடு கொழுவிக்கொண்டார்கள். செட் பையன் போனால் குறியீட்டைப் பிடிப்பான், அடித்த லீற்றரைப் பதிவு செய்வான், மீதி எவ்வளவு என்று குறுஞ்செய்தி வரும். அந்தச் சின்னச் செய்திதான் கிலோமீற்றர் கணக்கில் நீண்ட வரிசைகளைச் சுருக்கியது என்பது என் முடிவு. எண்ணெய்த் தட்டுப்பாடு தீர்ந்துவிடவில்லை. என் பங்கு எங்கும் போகாது என்ற நிச்சயம் வந்தது. 2023 செப்டம்பர் 1ஆம் திகதி அந்த முறை நிறுத்தப்பட்டது.

ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. எல்லாம் வாகன எண்ணைச் சுற்றியே கட்டப்பட்டது. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து லயங்களில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருந்த அம்மாவுக்கு வாகன எண் ஏது? அதே 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலில் ஏறியது. யாரைக் கணக்கில் எடுப்பது என்று மென்பொருளை அமைக்கும்போதே தீர்மானித்து விடுகிறார்கள். அப்போது விடுபட்டவர் பிறகு எந்தத் திரையிலும் தெரிய மாட்டார்.

கணினியில் உள்ளதும் தரையில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். அமெரிக்காவின் ஹெர்ஷி சொக்லேட் நிறுவனம் 1999இல் புதிய மென்பொருளை அவசரமாக ஓடவிட்டது. களஞ்சியத்தில் இனிப்பு நிறைய இருந்தும், பண்டிகைக் காலத்தில் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் சுமார் 10 கோடி டொலர் பெறுமதியான ஓடர்களைத் தவறவிட்டது.

எங்கள் செட்டுகளில் தாங்கியின் உண்மை நிலையைச் சொல்வது பெரும்பாலும் ஒரு அளவுக் கம்பி. மூடியைத் திறந்து, கம்பியைத் துடைத்து, அடிவரை இறக்கி, தூக்கி, ஈரக் கோடு எந்த இலக்கத்தில் நிற்கிறது என்று வெயிலில் சாய்த்துப் பார்ப்பார்கள். அந்த இலக்கம் கொப்பிக்குப் போய், தொலைபேசியில் போய், பிறகுதான் கணினிக்குப் போகும் என்றால் சங்கிலியின் கடைசிக் கண்ணி இருட்டிலேயே இருக்கிறது. இதில் பணமும் புகுந்து விளையாடுகிறது. மாத முடிவில் விலை குறையலாம் என்று தெரிந்தால், கூடிய விலைக்கு வாங்கி நட்டப்பட விரும்பாத முதலாளி ஓடரைத் தள்ளிப்போடுவார். 2023 மே மாத இறுதியில் இப்படித்தான் செட்டுகள் வெறுமையாகின. தாங்கியில் குறைந்தது பாதி இருப்பு வைத்திருக்க வேண்டும் என்று எரிசக்தி அமைச்சர் எச்சரிக்க வேண்டி வந்தது. தாங்கிக்குள்ளேயே தானியங்கி அளவுமானி இருந்தால் தாங்கி வெறுமையாவதைக் கொழும்பிலிருந்தே பார்த்திருக்கலாம்.

ரம்புக்கனை இருக்கும் சபரகமுவைக்கு எரிபொருள் தட்டுப்பாடு வெறும் வாகனப் பிரச்சினை அல்ல. இறப்பர் பால் வெட்டிய சில மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் உறைந்துவிடும். தேயிலைக் கொழுந்து சாக்குக்குள் சூடேறிக் கருகும். லொறிக்கு டீசல் இல்லாத நாளில் நட்டப்படுவது தோட்ட நிர்வாகம் மட்டுமல்ல, நாட்கூலிக்குக் காத்திருக்கும் குடும்பமும்தான்.

அரசாங்கத்திடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு எரிபொருள் நிரப்பு நிலையத்தின் வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். தாங்கியில் இப்போது எத்தனை லீற்றர், அடுத்த பவுசர் எப்போது, அது எந்த விலைக்கு விற்கப்படும். மூன்றே வரி, சிங்களத்திலும் தமிழிலும். இந்தத் தகவல் முழுவதும் சங்கிலியில் எங்கோ ஒரு கையில் ஏற்கெனவே இருக்கிறது. முதற் பலகையை ரம்புக்கனையில் வையுங்கள்.