புண் ஆறியும் வலி ஆறலையா?

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஆகியும், தழும்பைச் சுற்றி எரியுது, சுருக்குன்னு குத்துது, சேலை பட்டாலே கூசுது என்கிறார்கள் சில சகோதரிகள். நோய் திரும்பிடுச்சோ என்று பயம் வேறு! வீட்டிலோ "எல்லாம் மனப்பிரமை" என்பார்கள். அப்படி இல்லைங்க. வெட்டுப்பட்ட நரம்பும், தழும்புக்குள் சிக்கிய நரம்பும் இப்படித்தான் வலிக்கும். ஆக்சாலிபிளாட்டின் மருந்து ஏற்றியவர்களுக்குக் கை, கால் மரத்துப்போவதும் உண்டு.

கடையில் வாங்கும் சாதாரண வலி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. நரம்பு வலிக்கென்றே அமிட்ரிப்டிலின், கேபாபென்டின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டரிடம் "வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல் எரியுதா, குத்துதா, மரத்துப்போச்சா என்று விவரமாகச் சொல்லுங்கள். மாத்திரை பலன் காட்டச் சில வாரம் ஆகும். தூக்கம் வருதேன்னு நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் அளவை மாற்றித் தருவார். மலத்தில் ரத்தம் போனாலோ, உடம்பு மெலிந்தாலோ தாமதிக்காமல் போய்க் காட்டுங்கள்.