டகோட்டா சொல்லும் சாட்சியம்

சென்னை மெரினாக் கடற்கரையில் 2024-ம் வருஷம் அக்டோபர் 6-ந் தேதி நடந்த ஆகாயக் காட்சியை நமது தென்காசி வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1932-ம் வருஷம் தோன்றிய இந்திய விமானப் படையின் 92-வது ஆண்டு விழாவை முன்னிட்டு, 72 விமானங்கள் அன்று பங்குகொண்டன. ரஃபேலும் சுகோயும் தேஜஸும் இடிமுழக்கத்தோடு பாய்ந்தன. அவற்றிடையே டகோட்டா, ஹார்வர்டு என்னும் இரண்டு முதிய விமானங்களும் நிதானமாகப் பறந்து சென்றன. ஹார்வர்டு, நமது விமானிகள் பல தலைமுறையாகப் பறக்கக் கற்றுக்கொண்ட விமானம். டகோட்டாவின் பெருமையோ வேறு. அதைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறோம்.

டகோட்டா சண்டையிடும் விமானமன்று; ஆட்களையும் மூட்டைகளையும் சுமக்கும் வண்டி. அதன் மூலவடிவம் 1935-ம் வருஷம் டிசம்பரில் அமெரிக்காவில் முதன்முதலாகப் பறந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் அதன் இராணுவ வகைகள் பல்லாயிரக் கணக்கில் செய்யப்பட்டன. ஆனால் நமது தேசத்துக்கு அது செய்த உதவி அதற்குப் பின்னால் வந்தது. சுதந்திரம் பெற்று மூன்று மாதங்கூட நிறையாத 1947 அக்டோபர் 27-ந் தேதி, முதல் சீக்கியப் பட்டாளத்துச் சிப்பாய்களை டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்குக் கொண்டுபோய் இறக்கியவை டகோட்டாக்களே. அந்த விமானத் தளம் அன்று கைவிட்டுப் போயிருந்தால், காஷ்மீரத்தின் கதை வேறாயிருக்கும்.

பூஞ்ச் நகரம் முற்றுகையிடப்பட்டபோது, சிப்பாய்களும் அடைக்கலம் புகுந்த ஜனங்களும் தங்கள் கைகளாலேயே ஓர் இறங்குதளத்தைச் சமைத்தார்கள். 1947 டிசம்பரில் மெஹர் சிங் என்ற தீரர் முதல் டகோட்டாவை அங்கே இறக்கினார். போகும்போது உணவும் வெடிமருந்தும். திரும்பும்போது காயம்பட்டவரும் அகதிகளும். இவ்விதம் ஒரு நகரமே உயிர் தப்பிற்று.

மெரினாவில் பறந்தது அன்று ஸ்ரீநகரில் இறங்கிய அதே விமானமன்று. அயர்லாந்தில் கழிவுப் பொருளாகக் கிடந்த ஒரு டகோட்டாவை, முன்னாள் டகோட்டா விமானியான ஏர் கமடோர் எம். கே. சந்திரசேகரின் புதல்வர் ராஜீவ் சந்திரசேகர் வாங்கிச் செப்பனிட்டு விமானப் படைக்கு அளித்தார். 2018-ம் வருஷம் அது இங்கிலாந்திலிருந்து தானே பறந்து வந்து சேர்ந்தது. 'பரசுராமா' என்ற பெயரும், ஸ்ரீநகர் சென்ற முதல் டகோட்டாவின் நினைவாக வி.பி. 905 என்ற எண்ணும் அதற்குச் சூட்டப்பட்டன. ஒரு காலத்தில் நம்மிடம் ஏராளமாயிருந்த பொருளை அயலார் கழிவிலிருந்து மீட்க நேர்ந்தது நமக்கு ஒரு பாடம்.

நீதிஸ்தலத்தில் ஒரு சாட்சியை ஏற்றினால், அவர் சொல்வதைச் செவிசாய்த்துக் கேட்க வேண்டும். டகோட்டாவின் சாட்சியம் ஒன்றே: ஜனங்களின் உயிரைக் காப்பதற்காகவே படையும் விமானமும் இருக்கின்றன. அதை நாம் கேட்டோமா? சுமார் 15 லட்சம் பேர் அன்று கடற்கரையில் திரண்டதாகச் சொல்லப்பட்டது. கொளுத்தும் வெயில், குடிநீருக்குத் தவிப்பு, காட்சி முடிந்ததும் சாலைகளிலும் ரயில் நிலையங்களிலும் தாங்கொணா நெரிசல். ஐவர் உயிரிழந்தனர். விமானப் படை கேட்டதற்கு மேலாகவே வசதிகள் செய்யப்பட்டன என்றது சர்க்கார். ஏற்பாடுகள் போதவில்லை என்றன எதிர்க்கட்சிகள். வழக்கு எவ்வாறாயினும், போன உயிர் போனதுதான்.

கூட்டம் என்பது இன்னதென்று நாம் அறிவோம். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் ஜனத்திரளை ஆண்டுதோறும் பார்க்கிறோம். வெள்ளம் பெருகினால் அருவியில் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். வந்தவர்கள் முணுமுணுத்தாலும் உயிரோடு வீடு திரும்புகிறார்கள். அந்த எச்சரிக்கை ஒரு கணம் பிந்தினாலும் என்ன நேரும் என்பதை, 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்துத் திடீர் வெள்ளம் ஓர் இளம்பிள்ளையின் உயிரைக் கொண்டு நமக்குக் காட்டிற்று. மலை வெள்ளம் முன்னறிவிப்பின்றி வரலாம். தேதியும் நேரமும் குறித்து லட்சக்கணக்கானோரை அழைத்த விழாவுக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

டகோட்டா இன்னும் பல்லாண்டு பறக்கட்டும். நமது பிள்ளைகள் அதைக் கண்டு சரித்திரம் கற்கட்டும். ஆனால் அடுத்த காட்சிக்கு நாள் குறிக்குமுன், தண்ணீருக்கும் நிழலுக்கும் வெளியேறும் வழிக்கும் கணக்குப் போடப்பட வேண்டும். முற்றுகையிட்ட ஊருக்கு ஆகாய மார்க்கமாக அன்னம் கொண்டுபோன தேசத்தால், தன் கடற்கரையில் நின்ற ஜனங்களுக்கு ஒரு குவளை நீர் கொடுக்க முடியாதா?