ஊரற்றோரின் உறுப்பினர்: கண்டிச்சீமைத் தோட்ட மக்களும் சட்டமன்றப் பிரதிநிதித்துவமும்

மறைந்த முன்னாள் உறுப்பினர்களுக்குப் பாராளுமன்றத்தில் அனுதாபப் பிரேரணை நிறைவேற்றுவது இலங்கையில் நெடுநாளைய மரபாகும். அவ்வேளைகளில் ஆற்றப்படும் உரைகளுக்கு ஒரு பொதுவான அமைப்பு உண்டு. மறைந்தவர் பிறந்த ஊர் முதலிற் கூறப்படும். அவ்வூருக்கு அவர் பெற்றுக்கொடுத்த பாதை, பாடசாலை, மருத்துவமனை ஆகியன அடுத்து எண்ணப்படும். நாட்டுப்புற மக்களுக்காக அவர் எழுப்பிய குரல் இறுதியில் நினைவுகூரப்படும். உறுப்பினர் ஒருவரின் பெருமை அவர்தம் ஊரிலிருந்து தொடங்குகிறது என்பது இம்மரபின் அடிப்படைக் கருத்து எனலாம்.

இக்கருத்தைக் கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைகளையும் சார்ந்த தோட்டத் தமிழ் மக்களிடையே வைத்து நோக்கும்போது ஒரு வினா எழுகின்றது. சட்டத்தின் பார்வையில் ஊர் என்றே கொள்ளப்படாத ஓரிடத்திலிருந்து வந்த உறுப்பினர் எவ்வூருக்குப் பணியாற்றினார்? எந்த நாட்டுப்புறத்திற்காகப் பேசினார்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலையகத் தலைவர்களின் வரலாறு பெரும்பாலும் தொழிற்சங்க வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நாம் அதனை ஊர் பற்றிய வரலாறாகப் பார்க்க முற்படுகின்றோம்.

1. கிராமமும் தோட்டமும்

கண்டி இராச்சியம் 1815 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமை நாட்டப்படாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாக்கியது. அக்காணிகள் கோப்பித் தோட்டங்களாயின. 1870களில் இலைநோய் பரவிக் கோப்பி அழிந்தபின் அவை தேயிலைத் தோட்டங்களாக மாறின. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் வழியாக அழைத்து வரப்பட்ட தொழிலாளர் அங்கே லயன்களிற் குடியமர்த்தப்பட்டனர். மலையின் அடிவாரத்தில் சிங்கள விவசாயியின் கிராமம். அதன் மேலே தமிழ்த் தொழிலாளியின் தோட்டம். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியா செல்லும் பாதையில் இவ்வமைப்பை இன்றும் காணலாம்.

இவ்விரு பகுதியினரும் ஒரே பொருளாதாரத்தால் தாக்கப்பட்டவர்கள். ஒருவர் காணியை இழந்தார். மற்றவர் காணியே இல்லாது வந்து சேர்ந்தார். ஆயினும் ஆட்சிமுறை அவர்களை வெவ்வேறாகவே வைத்திருந்தது. கிராமத்துக்குக் கிராமத் தலைவரும் பின்னர் கிராமச் சங்கமும் இருந்தன. தோட்டத்துக்குத் துரை இருந்தார். கிராமத்தவனின் இருப்புக்கு நிலமும் குடும்பப் பெயரும் சான்றாயின. தோட்டத்தவனின் இருப்புக்குத் தோட்டத்துச் செக்ரோல் மட்டுமே சான்றாயிற்று. அதுவும் துரையின் அலுவலகத்திலே இருந்தது. கடிதம் எழுதுவோர்கூட ஆளின் பெயரோடு தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதினரேயன்றி வீட்டு இலக்கம் எழுத வழியிருக்கவில்லை.

1930களின் இறுதியிற் கிராமச் சங்கங்களுக்கான வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது இவ்வேறுபாடு வெளிப்படையாயிற்று. தோட்டங்களில் வதியும் தொழிலாளர் அவ்வுரிமைக்குப் புறம்பாக்கப்பட்டனர். நாட்டின் சட்டசபைக்கு வாக்களிக்கக்கூடிய ஒருவர் தாம் வாழும் இடத்தின் கிராமச் சங்கத்துக்கு வாக்களிக்க முடியாதவரானார். தோட்டம் கிராமமன்று என்பது அன்றே சட்டமாயிற்று.

2. குரல் எழுந்த வழிகள்

டொனமூர் அரசியலமைப்பின்கீழ் 1931 ஆம் ஆண்டு சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற பெரி. சுந்தரம், கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றவர். தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக 1936 வரை பணியாற்றினார். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 இல் நிறைவேறியது அவர் காலத்திலேயாகும். கல்வியும் சட்ட அறிவும் வாய்ந்த ஒருவர் மேலிருந்து மக்களுக்கு நன்மை தேடிய முறை என இதனைக் கொள்ளலாம்.

1936 இல் அதே தொகுதியில் வெற்றி பெற்ற கோ. நடேசய்யரின் முறை வேறானது. தஞ்சையிலிருந்து வந்த அவர் பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் தோட்டங்களுக்குள் நுழைந்தவர். தோட்டத்துக்குள் அந்நியர் கால்வைப்பதே அத்துமீறல் எனக் கருதப்பட்ட காலம் அது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் கூட்டங்களிற் பாடல்கள் பாடி மக்களைத் திரட்டினார். தோட்டத்தின் வாயிலைத் திறந்தமையே இவர்களது முதற்பணி என்பது எமது கருத்து.

மூன்றாவது வழி தொழிலாளர் தாமே கிளர்ந்தெழுந்தமையாகும். 1940 சனவரியிற் கண்டிக்கு அண்மையில், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலீசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். சமசமாஜக் கட்சியினர் இதனை அரசாங்க சபைக்குக் கொண்டு சென்றனர். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து எழுந்த வழக்கு நடவடிக்கை பற்றிய பிணக்கு, அமைச்சர் குழு பதவி விலகும் அளவுக்கு முற்றியது. எவ்வரைபடத்திலும் ஊராகக் குறிக்கப்படாத ஒரு லயன் தொகுதியின் துயரம் நாட்டின் ஆட்சியையே அசைத்தது. அதே ஆண்டிற் கம்பளையில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் முதல் மாநாடு கூடியது. மலையக அரசியலின் மையம் கொழும்பிலிருந்து கண்டிச்சீமைக்கு நகர்ந்த காலமாக இதனைக் கருதலாம்.

3. இராஜலிங்கமும் புசல்லாவையும்

ஊர்ப்பணியும் பிரதிநிதித்துவமும் ஒருவரிடத்தே இணைந்தமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கே. இராஜலிங்கம் ஆவார். புசல்லாவை சங்குவாரித் தோட்டத்தைச் சேர்ந்த அவர், மலையகக் காந்தி என மக்களால் அழைக்கப்பட்டவர். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் நாவலப்பிட்டித் தொகுதியின் உறுப்பினரானார். ஆனால் அவரது பெயர் இன்றும் நிலைத்திருப்பது முதன்மையாகப் பாராளுமன்றத்தால் அன்று; புசல்லாவையில் அவர் நிறுவிய சரஸ்வதி வித்தியாலயத்தால்.

இப்பணியின் பொருளை உணர அக்காலத் தோட்டக் கல்வியின் நிலையை அறிதல் வேண்டும். 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடமே விட்டன. பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஓர் அறை, எண்ணும் எழுத்தும் என்பதோடு அக்கல்வி முடிந்தது. பிள்ளை வளர்ந்து கொழுந்து கிள்ளும் வயதை எட்டியதும் செக்ரோலிற் பேர் பதிவாகிவிடும். 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கக் கல்வி முறையின் புறத்தேயே நின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயாகும்.

இத்தகைய சூழலில், தோட்டத்துக்கு வெளியே, துரையின் அதிகாரத்துக்கு உட்படாத ஒரு தமிழ்ப் பாடசாலையை அமைத்தல் வெறும் தருமச் செயலன்று. தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்தின் எல்லையைக் கடந்த ஒரு முகவரியை அது கொடுத்தது. பல தோட்டங்களைச் சேர்ந்த பிள்ளைகள் ஒரு கூரையின்கீழ் அமர்ந்தபோது, ‘இன்ன தோட்டத்தார்’ என்ற நிலை மாறி ‘புசல்லாவையார்’ என்ற உணர்வு பிறக்க வழியுண்டாயிற்று. சட்டம் மறுத்த ஊரை மக்கள் பாடசாலை வாயிலாக உருவாக்கினர் என்பதே இதன் வரலாற்று முக்கியத்துவம்.

இராஜலிங்கத்துடன் 1947 இற் பாராளுமன்றம் சென்றோருள் நுவரெலியாவின் சௌ. தொண்டமான், மஸ்கெலியாவின் ஜி. ஆர். மோத்தா, கொட்டகலையின் கே. குமாரவேலு, தலவாக்கலையின் சி. வி. வேலுப்பிள்ளை ஆகியோர் அடங்குவர். வேலுப்பிள்ளை மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்தவர், ஆசிரியர், கவிஞர். தோட்டத்து நாட்டார் பாடல்களைத் திரட்டி நூலாக்கியவர். ஒரு சமூகத்தின் பாடல்களைப் பதிவு செய்தலும் ஊர்ப்பணியின் ஒரு கூறே என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது.

4. பறிக்கப்பட்ட வாக்கு

இவர்களின் குரல் சபையில் ஒலித்த காலம் மிகக் குறுகியது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு ஒழுங்காகப் பேணப்படாத தோட்டங்களில் அச்சான்று எவரிடம் இருந்திருக்க முடியும்? மலையக உறுப்பினர்களோடு செல்வநாயகமும் இடதுசாரி உறுப்பினர்களும் இச்சட்டத்தை எதிர்த்தனர். எனினும் அது நிறைவேறியது. 1949 இன் 3 ஆம் இலக்கச் சட்டம் பதிவு மூலம் பிரஜாவுரிமை பெற ஒரு வழியைக் காட்டியது. ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரஜாவுரிமை கிட்டியோர் சுமார் 134,000 பேர் மட்டுமே. அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தற் சட்டத் திருத்தம் பிரஜைகள் அல்லாதோரின் வாக்கை நீக்கியது. 1952 ஏப்ரலிற் காங்கிரஸ் கொழும்பிற் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் அக்கட்சியார் ஒருவரும் தெரிவாகவில்லை.

இங்கு ஒரு முரண்பாட்டைக் குறிப்பிட வேண்டும். தொகுதிகள் வகுக்கப்பட்டபோது மக்கள்தொகையே கணக்கில் எடுக்கப்பட்டது. வாக்கற்ற தோட்ட மக்களும் அதில் அடங்கினர். ஆகவே மலைநாட்டுக்கு ஆசனங்களைப் பெற்றுக்கொடுக்க அவர்கள் எண்ணப்பட்டனர். அவ்வாசனங்களில் யார் அமர்வது என்பதைத் தீர்மானிக்க அவர்கள் எண்ணப்படவில்லை. தம்மைத் தெரிவு செய்யாத ஆயிரக்கணக்கானோரின் பேரில் உறுப்பினர்கள் சபையில் இருந்தனர்.

மற்றுமொன்று. 1949 ஆம் ஆண்டு கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு நியமிக்கப்பட்டு 1951 இல் அறிக்கை வெளியாயிற்று. காணியிழந்த கிராமத்தவரின் குறைகளை அரசு கேட்டறிந்தது மிகவும் நியாயமானதே. ஆனால் அதே ஆண்டுகளில் அதே மலையின் மேலே வாழ்ந்தவர்களின் வாக்கு நீக்கப்பட்டது. நாட்டுப்புறத்துக்காகப் பேசுதல் என்பது கிராமத்தவரைத் தோட்டத்தவருக்கு எதிராக நிறுத்தும் அரசியலாக மாறியது. இருவரது வறுமைக்கும் பெருந்தோட்டமே ஊற்றுக்கண் என்பது மறைக்கப்பட்டது.

முற்போக்கு இயக்கத்தின் வரலாற்றிலும் இங்கோர் உறுத்தல் உண்டு. 1948 இற் சட்டத்தை எதிர்த்த சமசமாஜக் கட்சி 1964 சூனில் அரசாங்கத்திற் சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அவ்வரசாங்கமே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என மக்கள் எண்களாகப் பங்கிடப்பட்டனர். அம்மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஓர் உறுப்பினர்தானும் அன்று சபையில் இல்லை. நியமன உறுப்பினர் மட்டுமே இருந்தனர். 1970களின் நடுப்பகுதியிற் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தபோதும் இதுவே நிலை. 1977 இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராகத் தொண்டமான் தெரிவானபோதுதான் கால் நூற்றாண்டு மௌனம் கலைந்தது.

5. ஊராதல் என்னும் கோரிக்கை

வாக்குரிமை மீண்டபின்னரும் ஊருரிமை மீளவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டத்துப் பாதை, கிணறு முதலியவற்றுக்குச் சபையின் நிதியைத் தடையின்றிச் செலவிட இடமளிக்கவில்லை. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த பிரதேச சபை உறுப்பினர், அவர்கள் நடக்கும் பாதைக்குக் கல் பரப்ப இயலாதவராயிருந்தார். அரை நூற்றாண்டுக்கு முன் கிராமச் சங்கத்தில் மறுக்கப்பட்டது வேறு வடிவிற் தொடர்ந்தது. மலையக உறுப்பினர்கள் இடையறாது வலியுறுத்தியதன் பயனாக 2018 இல் இப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டிற் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் நிறைவேறியது. ‘கிராமம்’ என்ற சொல் தோட்டத்துக்கும் உரியதாகச் சட்டநூலில் ஏறியமை சிறு செய்தியன்று. ஆயினும் பெருந்தொகையான குடும்பங்கள் இன்னும் லயன்களிலேயே வாழ்கின்றன. வீட்டுக்காணிக்கான உறுதி அவர்களிற் பலருக்குக் கிட்டவில்லை.

இதுவரை கூறியவற்றால் நாம் பெறும் முடிவு இதுவாகும். ஏனைய உறுப்பினர்கள் தமக்கிருந்த ஊருக்குப் பணியாற்றினர். கண்டிச்சீமைத் தோட்டங்களின் உறுப்பினர்கள் ஊரை உண்டாக்கும் பணியையே முதலில் மேற்கொள்ள வேண்டியிருந்தது. இராஜலிங்கத்தின் பாடசாலை அவர் இழந்த ஆசனத்தைக் கடந்து நின்றது. அதனால் ஊர்ப்பணி மட்டும் போதும் எனக் கொள்ளலாகாது. பாடசாலை நின்றது, ஆனால் அதிற் படித்தவர்களின் தலைவிதி 1964 இல் அவர்களைக் கேளாமலே எழுதப்பட்டது. வாக்கில்லாத ஊர்ப்பணி மனுக்கொடுப்பதோடு நின்றுவிடுகின்றது. காணியும் முகவரியும் இல்லாத வாக்கு, தேர்தல் முடிந்ததும் மறக்கப்படுகின்றது.

எமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. சட்டமன்ற உரைகள் ஹன்சார்டிற் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஊர்ப்பணியின் சான்றுகளோ பாடசாலைச் சம்பவத் திரட்டுகளிலும், வாசிகசாலைக் கூட்டக் குறிப்புகளிலும், கோயில் கணக்கேடுகளிலும், முதியோரின் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றன. மலைநாட்டு மழையும் ஈரமும் ஏடுகளை நெடுநாள் விட்டுவைப்பதில்லை. பேராதனையிலிருந்து சில மணி நேரப் பயணத்துள் உள்ள புசல்லாவை, நாவலப்பிட்டி, ஹேவாஹெட்டை ஆகிய இடங்களுக்கு எமது மாணவர் சென்று இவற்றைத் திரட்டுதல் வேண்டும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் ஊர் வரலாறு எழுதப்படுமாயின், அத்தோட்டம் ஊரே என்பதற்கு அதுவும் ஒரு சான்றாக அமையும்.